டயாலிசிஸ் மெஷினைப் படம் எடுப்பவர்கள் ஆர்.ஓ. ரூமையும் எட்டிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று நம் கொங்கு வட்டாரத்தில் டயாலிசிஸ் பிரிவு இல்லாத பெரிய ஊர் இப்போது இல்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கிட்னியைக் கெடுத்துக்கொண்டே இருக்க, மெஷின்களும் கூடிக்கொண்டே வருகின்றன. 2016-இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. முன்பு வாரத்துக்கு இரண்டு முறை கோவைக்குப் பஸ் ஏறியவர்களில் பலர் இன்று சொந்தத் தாலுகாவிலேயே சிகிச்சை முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். மறுக்க முடியாத நல்ல மாற்றம்.

புதிய மெஷின்கள் வரும்போதெல்லாம் ரிப்பன் வெட்டும் படம் நாளிதழ்களில் வருகிறது. படத்தில் மெஷின் இருக்கும், கட்டில் இருக்கும், பிரமுகர்கள் இருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும், டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ரூம் எந்தப் படத்திலும் வருவதில்லை. மெஷினுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது அந்த ரூமுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், சுருக்கினால் பயன்படாது என்பதால் அப்படியே அனுப்புகிறோம்.

முதலில் கணக்கு. டயாலிசிஸ் நடக்கும்போது டயலைசர் என்னும் வடிகட்டிக்குள் ஒரு பக்கம் ரத்தமும் மறுபக்கம் டயாலிசேட் என்னும் திரவமும் ஓடுகின்றன. நடுவில் இருப்பது மிக மெல்லிய சவ்வு. டயாலிசேட் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது; நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். இந்தத் திரவத்தில் ஏறத்தாழ 94 சதவீதம் ஆர்.ஓ. ரூமிலிருந்து வரும் தண்ணீர். மீதிதான் கேனில் வரும் ஆசிட் கரைசலும் பைகார்பனேட்டும்; அந்தப் பைகார்பனேட் பொடியைக் கரைப்பதும் இதே தண்ணீரில்தான். சாதாரண மனிதர் வாரத்துக்குக் குடிப்பது சுமார் 14 லிட்டர். அதில் கெட்டது ஏதாவது இருந்தால் குடல் கொஞ்சம் தடுக்கும், கிட்னி கொஞ்சம் வெளியேற்றும். வாரம் மூன்று டயாலிசிஸ் செய்பவரின் ரத்தத்தை 360 லிட்டர் தண்ணீர் உரசிக்கொண்டு போகிறது. குடலும் இடையில் இல்லை, கிட்னியும் வேலை செய்யவில்லை. குடிக்க நல்ல தண்ணீர் டயாலிசிஸுக்கும் நல்லது என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை இருக்கலாம். டயாலிசிஸ் தண்ணீரில் 0.2-ஐத் தாண்டக்கூடாது. அலுமினியம் 0.01, கால்சியம் 2, மொத்தக் குளோரின் 0.1 மில்லிகிராம். உலக அளவில் பின்பற்றப்படும் வரம்புகள் இவை.

மெஷினிலேயே மீட்டர் இருக்கிறதே, அலாரம் அடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மெஷினில் இருப்பது கண்டக்டிவிட்டி மீட்டர். கலவையில் மொத்த உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். 14-ஐ ஒட்டி முள் நின்றால் பச்சை விளக்கு. குளோரின் கால் மில்லிகிராம் வந்தாலும், ஃபுளோரைடு வரம்பைத் தாண்டினாலும், செத்த பாக்டீரியாவின் நச்சு கலந்திருந்தாலும் அந்தப் பச்சை விளக்கு அணையாது. இப்போது வரும் புது ஆர்.ஓ. பிளான்ட்களில் பிரஷரையும் டி.டி.எஸ்ஸையும் (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு) செல்போனுக்கே அனுப்பும் வசதி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரையில் தெரியாத ஆபத்துகளே அதிகம். அவற்றைக் கையால் டெஸ்ட் செய்துதான் கண்டுபிடிக்க முடியும்.

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஊரில் 'நல்ல தண்ணி' குழாய் தனி, 'உப்புத் தண்ணி' குழாய் தனி. சிறுவாணி, பில்லூர், காவிரி என்று ஆற்றுத் தண்ணீர் வரும் ஊர்கள் கொடுத்து வைத்தவை. காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் பக்கம் ஆயிரம் அடி வரை போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டுவது அதிசயமில்லை. சேலம், நாமக்கல், தர்மபுரிப் பாறைக் கிணறுகளில் ஃபுளோரைடு. நொய்யல் ஓரத்துக் கிணறுகளில் சாயக்கழிவு விட்டுப்போன உப்பு. உரமும் கோழிப்பண்ணைக் கழிவும் இறங்கிய இடங்களில் நைட்ரேட். இதில் ஆஸ்பத்திரிக்குச் சிக்கல் என்னவென்றால், வருவது ஒரே தண்ணீர் இல்லை. பத்து நாள் ஆற்றுத் தண்ணீர், குழாய் உடைந்தால் போர்த் தண்ணீர், சித்திரையில் லாரித் தண்ணீர். எல்லாம் ஒரே சம்ப்பில் விழுகின்றன. பிளான்ட் போடும்போது எடுத்த தண்ணீர் ரிப்போர்ட் மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாறாமல் தொங்குகிறது.

இதன் விளைவு முதலில் தெரிவது கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரில். சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் ரெசின் என்றால் 2,500 கிராம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஆற்றுத் தண்ணீரில் இது 25,000 லிட்டர் வரை தாங்கும். மணிக்கு 1,000 லிட்டர் ஓடினால் 25 மணி நேரம். அதே சாஃப்ட்னருக்கு 600 உள்ள போர்த் தண்ணீரைக் கொடுத்தால் 4,000 லிட்டர் கொஞ்சம் தாண்டியதும் தீர்ந்துவிடும். அதாவது காலை ஷிப்ட் முடிவதற்குள். ஆற்றுத் தண்ணீருக்கு என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை உப்புக் கரைசல் விட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால், லாரித் தண்ணீர் வந்த நாளில் மத்தியானம், சாயங்காலம் இரண்டு ஷிப்டும் சாஃப்ட்னர் இல்லாமலேயே ஓடியதாக அர்த்தம்.

ஓடினால் என்ன, பின்னால் உப்பைத் தடுக்கும் சவ்வான ஆர்.ஓ. மெம்பரேன் இருக்கிறதே? இருக்கிறது. புது மெம்பரேன் 98 சதவீதம் தடுத்தாலும் 600-இல் 12 மில்லிகிராம் தப்பி வரும். அது முழுக்கக் கால்சியமாக இருந்தால் கால்சியக் கணக்கில் ஏறத்தாழ 5. வரம்பு 2. அதோடு மெம்பரேன் மேல் சுண்ணாம்பு படியத் தொடங்கும், கடைசி மெம்பரேனில் முதலில். படிந்ததும் நல்ல தண்ணீர் வரத்துக் குறையும். வரத்துக் குறைந்ததும் ஆபரேட்டர் செய்வது, கழிவுத் தண்ணீர் வெளியேறும் ரிஜெக்ட் வால்வைக் கொஞ்சம் திருகி மூடுவது. மீட்டரில் வரத்து ஏறும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கழிவுப் பக்கம் உப்பு இன்னும் கெட்டியாகி, சுண்ணாம்பு மேலும் வேகமாகப் படியும். மூன்று வருஷம் வர வேண்டிய மெம்பரேன் ஆறு மாதத்தில் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்தத் திருகலால்தான். 'கம்பெனி மெம்பரேன் சரியில்லை' என்று பழி வேறு.

கடினத்தன்மையை எப்போது சோதிக்க வேண்டும் என்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. ராத்திரி உப்பு விட்டுக் கழுவிய சாஃப்ட்னரை மறுநாள் காலை டெஸ்ட் செய்தால் எப்போதும் 'பாஸ்'. சோதிக்க வேண்டியது கடைசி ஷிப்ட் முடியும் நேரத்தில். அப்போது ஒரு சொட்டு ரியேஜன்டில் (சோதனைத் திரவம்) நீல நிறம் வந்தால் அன்றைய நாள் முழுக்கச் சாஃப்ட்னர் தாங்கியது என்று நம்பலாம். இளஞ்சிவப்பு வந்தால் இல்லை. கழுவ 50 லிட்டர் ரெசினுக்கு 5 முதல் 8 கிலோ உப்பு வேண்டும். மண் கலந்த மலிவு உப்பைப் போட்டால் அந்த மண் ரெசினில் தங்கிவிடும். உப்புத் தொட்டியில் அடியில் கரையாத உப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கரைசல் நீர்த்துவிட்டது, கழுவியும் பயனில்லை.

அடுத்தது கரி நிரப்பிய கார்பன் டேங்க். உயிருக்கு நேரடியாக ஆபத்து வரும் இடம் இதுதான் என்பதால் இதற்குக் கூடுதல் இடம் கொடுக்கிறோம். குளோரினும், அது அமோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினும் ஆர்.ஓ. மெம்பரேனைத் தாண்டிப் போகும். குளோரின் போகிற போக்கில் மெம்பரேனையும் அரித்துவிட்டுப் போகும். ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும். இரண்டையும் பிடிப்பது இந்தக் கரிதான். கரி பிடிக்க நேரம் வேண்டும்: தண்ணீர் மொத்தம் 10 நிமிடமாவது கரியோடு இருக்க வேண்டும், இரண்டு டேங்க்கில் ஐந்து ஐந்து நிமிடமாக. பத்து மெஷின் உள்ள பிரிவுக்கு மணிக்கு 500 லிட்டர் நல்ல தண்ணீர் தரும் பிளான்ட் என்றால், உள்ளே போவது 1,000 லிட்டர், நிமிடத்துக்கு 16.7 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 167 லிட்டர் கரி தேவை, எடையில் 80 கிலோவுக்கு மேல். ஒரே ஒரு டேங்க்கில் 25 கிலோ மூட்டை ஒன்றைக் கொட்டி மூடியிருந்தால் கிடைப்பது மூன்று நிமிடம். டேங்க்கின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாதிக்கு மேல் காலியாக இருக்கலாம். தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டிக் கழுவும் பேக்வாஷ் செய்தால் கரி புதிதாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பேக்வாஷ் அழுக்கை வெளியேற்றும், இறுகிய கரியை உதறிவிடும், அவ்வளவே. தீர்ந்த கரியை மாற்றத்தான் வேண்டும்.

குளோரின் எப்போது திடீரென்று ஏறும்? மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவினால் உள்ளாட்சி பிளீச்சிங் பவுடரைக் கூட்டும். ஆஸ்பத்திரியின் மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் ஆள் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார், டயாலிசிஸ் பிரிவுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். லாரிக்காரர் கணக்கில்லாமல் போட்டுக் கொண்டுவருவார். அதனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பு, பிளான்ட் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, முதல் கார்பன் டேங்க்குக்கும் இரண்டாவதற்கும் நடுவில் தண்ணீர் பிடித்து மொத்தக் குளோரினை (குளோரினும் குளோரமினும் சேர்ந்தது) சோதிக்க வேண்டும். 0.1-ஐத் தாண்டினால் இரண்டாவது டேங்க்குக்குப் பின்னால் சோதித்து, அங்கே சரியாக இருந்தால் மட்டும் தொடரலாம். அதுவும் முதல் டேங்க்கின் கரியை மாற்றும் வரைக்கும் அடிக்கடி சோதித்துக்கொண்டே. இரண்டாவதிலும் தாண்டினால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. நீச்சல் குளத்துக்கும் வீட்டுத் தொட்டிக்கும் விற்கும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்து இதற்கு உதவாது. 0.1 என்ற நுண்ணிய அளவை அது காட்டாது, குளோரமினையும் நம்பிக்கையாகச் சொல்லாது. டி.பி.டி. என்னும் குளோரின் சோதனை மாத்திரையில் மொத்தக் குளோரினுக்கான வகையை வாங்க வேண்டும். தனிக் குளோரினுக்கான மாத்திரையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பூஜ்யம் பூஜ்யம் என்று நோட்டில் எழுதுவது வீண்வேலை.

ஆர்.ஓ. மெம்பரேனைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இதை அளக்க வேண்டியது வெளியே வரும் டி.டி.எஸ். எண்ணை மட்டும் பார்த்து அல்ல. உள்ளே போவதில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று பார்த்து. உள்ளே 1,500, வெளியே 45 என்றால் 97 சதவீதம். வெளியே 150 ஆனால் 90. குடிதண்ணீர்க் கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் 150-ஐப் பார்த்து 'அருமையான தண்ணீர்' என்பார். அவர் தொழிலில் அது சரி. ஆனால் அதே நேரம் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு 3 இருந்தால், 97 சதவீதத்தில் 0.09 ஆக இருந்தது இப்போது 0.3 ஆகியிருக்கும். வரம்பைத் தாண்டியாயிற்று, எந்த மீட்டரும் சொல்லவில்லை. இன்னொன்று: குடிதண்ணீர் ஆர்.ஓ.வில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்து விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். டயாலிசிஸ் பிளான்ட்டில் அது இருக்கவே கூடாது. ரிப்பேர் நேரத்துக்கென்று ஆர்.ஓ.வைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாய் இருந்தால் அதையும் அறுத்து மூடிவிடுவதே நல்லது. அவசரத்தில் யாராவது திறப்பார்கள்.

இவை கற்பனைப் பயங்கள் இல்லை. 1993-இல் சிகாகோவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் தீர்ந்துபோய், பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடை ஒரேயடியாக வெளிவிட்டதில் டயாலிசிஸ் நோயாளிகள் மூன்று பேர் இறந்தனர். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், சரியாகச் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீர் லாரியில் வந்தது. அதிலிருந்த நீலப்பச்சைப் பாசியின் நச்சு ஒரே டயாலிசிஸ் மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கோடையில் பாசி படிந்த நீர்த்தேக்கங்களும் லாரித் தண்ணீரும் நமக்குப் புதிதல்லவே. படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரிலிருந்த அலுமினியம் மூளையையும் எலும்பையும் கெடுத்தது 1970-களிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

மெம்பரேனைத் தாண்டிய தண்ணீர் சுத்தமானது. ஆனால் குளோரின் இல்லாத தண்ணீர், அதாவது பாக்டீரியாவைத் தடுக்க எதுவும் இல்லாத தண்ணீர். அது தட்டையான அடி உள்ள கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்கில், மூடி பாதி திறந்த நிலையில், நாள் முழுக்க நின்றால் என்ன ஆகும்? டேங்க் கூம்பு அடியோடு, முழுக்க வடியும்படி, மூடி இறுகி, காற்றுத் துளையில் 0.2 மைக்ரான் ஃபில்டரோடு இருக்க வேண்டும். அங்கிருந்து மெஷின்களுக்குப் போகும் குழாய் ஒரு வளையமாகத் திரும்பி வர வேண்டும். தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்காலத்தில் இரண்டு மெஷின் சேர்க்கலாம் என்று விட்டுவைத்த முட்டுக் குழாய்கள்தான் பாக்டீரியா படலம் கட்டும் முதல் இடம். பித்தளை வால்வு, செம்புக் குழாய், ஜி.ஐ. இணைப்பு எதுவும் இந்த வளையத்தில் கூடாது. தண்ணீரைக் கெடுக்க, பிளம்பர் அவசரத்துக்குப் போட்ட ஒரு பித்தளை நிப்பிள் போதும். பாக்டீரியாவைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கு எரிவது தெரிகிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. ஏறத்தாழ ஒரு வருஷத்தில் அதன் கதிர் தளர்ந்துவிடும், வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கொல்லப்பட்ட பாக்டீரியாவின் நச்சு தண்ணீரிலேயே மிதக்கும் என்பதால் யூ.வி.க்குப் பின்னால் அந்த நச்சைப் பிடிக்கும் எண்டோடாக்ஸின் ஃபில்டர் வேண்டும்.

மாதம் ஒரு முறையாவது டேங்க்கையும் குழாய் வளையத்தையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அதன் பிறகு மருந்து மிச்சம் இல்லை என்று டெஸ்ட் செய்த பிறகே மெஷினுக்குத் தண்ணீர் விட வேண்டும். பிளீச் கரைசலைத் தவறியும் மெம்பரேன் பக்கம் விடக்கூடாது. பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் கல்சர் டெஸ்டுக்கான தண்ணீரை, கிருமிநீக்கம் செய்த மறுநாள் எடுத்தால் ரிப்போர்ட் அழகாக இருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால் அடுத்த கிருமிநீக்கத்துக்கு முந்தைய நாள் எடுக்க வேண்டும். வளையத்தின் கடைசிப் புள்ளியில் எடுக்க வேண்டும். உடனே லேபுக்குப் போக முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ரத்தக் கல்சருக்குப் பயன்படும் பிளட் அகார் என்னும் ஊடகத்தில் இதைப் போட்டால் தண்ணீர் பாக்டீரியா சரியாக வளராது. 'வளர்ச்சி இல்லை' என்று பொய்யான நற்சான்றிதழ் வரும். வரம்பு ஒரு மில்லிக்கு 100-க்குக் கீழே. 50-ஐ எட்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த நாள் காலை ஷிப்டைக் கவனித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒருவர் வெடவெடவென்று நடுங்குவார். ஒரு ஊசி போட்டு, கம்பளி போர்த்தி, சிகிச்சை முடித்து அனுப்புவார்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய ரத்த நாளத்தில் பொருத்திய கதீட்டர் குழாயில் நோய்த்தொற்று இருக்கலாம். ரத்தக் கல்சர் எடுக்க வேண்டும். ஒரே ஷிப்டில் இரண்டு மூன்று பேருக்கு நடுக்கம் வந்தால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. ஷிப்ட் நோட்டில் தனித்தனி கேஸ் ஷீட்டாக இதை எழுதிவைப்பதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, தலைவலி, பிரஷர் ஏறுவது என்றால் கடினத் தண்ணீர் உள்ளே வந்திருக்கலாம். மெஷினின் ரத்தக் குழாயில் ரத்தம் தெளிந்த திராட்சைச்சாறு நிறத்துக்கு மாறி, நெஞ்சுவலி, முதுகுவலி, மூச்சுத்திணறல் வந்தால் சிவப்பணு உடைகிறது: உடனே பம்ப்பை நிறுத்தி, குழாய்களைக் கிளாம்ப் செய்ய வேண்டும். வெளியே இருக்கும் அந்த ரத்தத்தைத் திருப்பி ஏற்றக்கூடாது. உடைந்த அணுக்களின் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். உடன் வரும் குடும்பத்தினர் இந்த அடையாளங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷினில் இருக்கும் பேட்டரி ரத்த பம்ப்பைக் கொஞ்ச நேரம் ஓட்டும், ஆர்.ஓ. மோட்டாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜெனரேட்டர் மாறும்போதோ மின்வாரியம் லைன் வேலை முடித்த பிறகோ ஃபேஸ் மாறி வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், பிரஷர் ஏறாது. தோட்டத்து மோட்டார் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம், ஆஸ்பத்திரி ஆர்.ஓ. பேனலில் மட்டும் அதற்கான தடுப்பானைப் போட மறந்துவிடுகிறார்கள். நின்று ஓடும் பிளான்ட்டின் முதல் சில நிமிடத் தண்ணீர் தரம் குறைந்தே வரும். அதைத் தானாகச் சாக்கடைக்குத் திருப்பிவிடும் வால்வு வேண்டும்.

தொழில்நுட்பம் இன்னும் முன்னேறப் போகிறது, அதனால்தான் இந்த அவசரம். எச்.டி.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் பெரிய தனியார் மையங்களில் வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 1,360 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. வழக்கமான டயாலிசிஸ் குழுவில் 21.9 சதவீதம் பேர் இறந்த காலத்தில் எச்.டி.எஃப். குழுவில் 17.3 சதவீதம். கேட்க இனிப்பான செய்தி. ஆனால் அந்தச் சிகிச்சையில் ஒரு முறைக்கு 20 லிட்டருக்கு மேல் திரவம் சவ்வின் மறுபக்கம் நிற்பதில்லை, நேராக ரத்தத்துக்குள் ஏறுகிறது. அதைத் தயாரிப்பதும் இதே ஆர்.ஓ. ரூம். அங்கே பாக்டீரியா வரம்பு 100 அல்ல, 0.1. இன்று 100-ஐயே ஒழுங்காக அளக்காத பிரிவு நாளை அந்த மெஷினை வாங்கிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

யார் பொறுப்பு என்று கேட்டால்தான் சிக்கலின் வேர் தெரியும். மெஷினின் பராமரிப்பு ஒப்பந்தம் மெஷின் கம்பெனியிடம். ஆர்.ஓ. பிளான்ட் வேறொரு விற்பனையாளரிடம், பெரும்பாலும் உள்ளூர்க் குடிதண்ணீர்த் தொழில் செய்பவரிடம். சம்ப், மேல்நிலைத் தொட்டி, குழாய் எல்லாம் கட்டடப் பிரிவிடம். நோயாளி நடுங்கினால் மூவரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். டெண்டரில் மெஷினின் விலையும் எண்ணிக்கையும் விரிவாக இருக்கும். கரி எத்தனை லிட்டர், யார் மாற்றுவது, ரசாயனப் பரிசோதனை வருஷத்துக்கு எத்தனை முறை என்ற வரிகள் இருக்காது. எங்கள் கருத்தில் மெஷின் ஒப்பந்தத்திலேயே டயலைசரின் வாய் வரைக்குமான தண்ணீரையும் ஒரே பொறுப்பாகச் சேர்க்க வேண்டும். காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் பணம் கொடுக்கிறது. அந்த மாதத் தண்ணீர் ரிப்போர்ட் இணைக்காத பில்லுக்குப் பணம் நிறுத்தினால் மூன்றே மாதத்தில் எல்லா ஆர்.ஓ. ரூமும் பளபளக்கும்.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஆர்.ஓ. வழியாகச் சுத்திகரிக்க இந்த ஊர் கற்றுக்கொண்டது. மெம்பரேனில் சுண்ணாம்பு எப்படிப் படியும், எந்த ஆசிட்டில் எப்படிக் கழுவுவது என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ஆட்கள் திருப்பூரிலும் பெருந்துறையிலும் இருக்கிறார்கள். கோவையில் பம்ப்புக்குக் குறைவா? சாயத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் அக்கறையில் கொஞ்சம் ரத்தத்துக்கும் கிடைக்க, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்கள் அந்த ஆட்களைக் கூப்பிட்டு ஒரு முறை பிளான்ட்களைச் சுற்றிக்காட்டலாம்.

தாளவாடி, பர்கூர், வால்பாறை போன்ற மலைப்பகுதிக்காரர்களுக்கு ஆர்.ஓ. தண்ணீரே தேவைப்படாத வழி ஒன்று உண்டு: வயிற்றுச் சவ்வு வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இரண்டு லிட்டர் பை ஒரு நாளைக்கு நான்கு என்றால் மாதத்துக்கு 240 லிட்டர். அடுக்கி வைக்க வெயில் படாத மூலை வேண்டும். பை மாற்றும்போது கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சோப்பால் கை கழுவி உலர்த்த வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் வயிற்றுச் சவ்வில் நோய்த்தொற்று. அந்தப் பையை வீசிவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பையைச் சூடாக்க வெந்நீரில் அமுக்கக் கூடாது, இணைப்புக்குள் தண்ணீர் இறங்கும். கண்ணும் கையும் சரியாக உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், பஸ்ஸுக்கு மலை இறங்கி ஏறுவதை விட இது மேல்.

கடைசியாக, கோடை வருவதற்கு முன் எல்லா டயாலிசிஸ் பிரிவுகளும் செய்துவிடக் கூடியவை சில. லாரித் தண்ணீர் டயாலிசிஸ் சம்ப்பில் நேரடியாக விழாதபடி தனித் தொட்டி. ஒவ்வொரு லாரிக்கும் குளோரின், கடினத்தன்மை டெஸ்ட் செய்த பிறகே திறப்பு. மேல்நிலைத் தொட்டி கழுவும் தேதி டயாலிசிஸ் பிரிவின் கையெழுத்து இல்லாமல் முடிவாகக் கூடாது. போர், ஆறு, லாரி மூன்றிலிருந்தும் தனித்தனியாக எடுத்த தண்ணீருக்கு, அங்கீகரிக்கப்பட்ட லேபில் ஃபுளோரைடு, நைட்ரேட், அலுமினியம் உட்பட முழு ரசாயனப் பரிசோதனை, வெயில் காலத்தில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. காத்திருப்போர் கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் இன்றைய மொத்தக் குளோரின், நேற்று மாலைக் கடினத்தன்மை, மெம்பரேன் தடுக்கும் சதவீதம், கடைசிக் கல்சர் தேதியும் எண்ணும், கரி மாற்றிய தேதி. எழுதியவர் பெயரும் அதில் இருக்கட்டும். நோயாளிகளின் உறவினர்கள் மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்குப் பதில் அந்தப் பலகையைப் பார்த்து, காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டிக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் மற்றும் நீர் சுத்திகரிப்புத் தொழில்நுட்பர்கள் சிலர்,
ஈரோடு.